மகளுக்கு வாங்கிய கல்விக்கடன்: விண்ணப்பம் முதல் தவணை வரை

2020 நவம்பரில் என் மகளின் பி.இ. படிப்புக்காக ஒரு தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் கல்விக்கடன் வாங்கினோம். 2024 மே மாதம் அவள் படிப்பை முடித்தாள். 2025 ஜூன் முதல் மாதத் தவணை போய்க்கொண்டிருக்கிறது. கடன் கைக்கு வந்த சந்தோஷத்தில் எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன். மூன்றாம் வருடம் எழுதியிருந்தால் ஒன்றுதான். இப்போது தவணை கட்டிக்கொண்டே நிதானமாக யோசித்து மூன்றரை போடுகிறேன். வங்கியின் பெயரைச் சொல்லவில்லை. ஒரே வங்கியில் ஒரு கிளை எங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியது, இன்னொரு கிளை உட்காரவைத்துப் பேசியது. அதனால் இதைக் கல்விக்கடன் என்ற திட்டத்தைப் பற்றிய அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் தென் மாவட்டத்தில் ஒரு கிராமம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. கணவர் எலக்ட்ரீஷியன், நான் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன். வருமானச் சான்றிதழில் ஆண்டுக்கு 1,80,000. மூத்தவன் பி.காம். முடித்து வேலைக்குப் போய்விட்டான். அதனாலேயே மகளுக்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடையாது. வீட்டில் ஏற்கெனவே ஒரு பட்டதாரி இருந்தால் அடுத்த பிள்ளைக்கு அது வராது. இது தெரியாமல் சான்றிதழுக்கு இரண்டு நாள் தாலுகா ஆபீசுக்கு அலைந்தேன்.

கடன் வாங்குவதா வேண்டாமா என்பதில்தான் வீட்டில் முதல் பேச்சே. என் மாமனார் சபையில் பல வருடம் கமிட்டி மெம்பராக இருந்தவர். கடன் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. “கடன் வேண்டாம்மா, விளையைக் கொடுத்துருவோம்” என்றார். ஊருக்கு மேற்கே பனை நிற்கிற முப்பது சென்ட் விளை, அவருடைய அப்பா வாங்கிப் போட்டது. நீதிமொழிகள் 22-ஆம் அதிகாரத்தில் கடன் வாங்கினவன் கொடுத்தவனுக்கு அடிமை என்று வருவதை அவர் காட்டினார். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கந்துவட்டிக்கு வாங்கி வீட்டையே விட்டுவிட்டுப் போன குடும்பங்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அந்த வசனத்தின் பயம் எனக்கும் உண்டு.

ஆனால் எனக்கு இன்னொரு நினைவும் உண்டு. பிளஸ் டூ முடித்ததும் ஆசிரியர் பயிற்சிக்கு எனக்கு இடம் கிடைத்தது. பணம் கட்டக் கடைசித் தேதி ஒரு வெள்ளிக்கிழமை. அன்று மாலை நான்கு மணி வரை அப்பா யார் யாரிடமோ கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார். அந்த மாலை என் மகளுக்கு வரக்கூடாது என்று நினைத்தேன். மாமாவிடம் ஒன்றுதான் சொன்னேன்: “விளையை ஒரு தடவைதான் விக்க முடியும் மாமா. கடனை அவ சம்பாதிச்சு அடைக்கலாம்.” இரண்டு நாள் பேசாமல் இருந்தார். அப்புறம் வீட்டு ஜெபத்துக்கு வந்த ஐயரிடம் (சபைப் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அவரே விஷயத்தைச் சொல்லி, பிள்ளைக்கு நல்ல வங்கி கிடைக்க ஜெபம் பண்ணச் சொன்னார்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு நினைப்பு இருக்கிறது: நம்முடைய மிஷன் கல்லூரியில் சேர்த்தால் கட்டணம் குறையும், ஐயர் கடிதம் கொடுத்தால் சீட் கிடைக்கும் என்று. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளைப் பொறுத்தவரை கணக்கு வேறு. சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடங்களை அரசு கவுன்சிலிங்குக்குக் கொடுக்கின்றன, மற்றக் கல்லூரிகள் 65 சதவீதம் கொடுக்கின்றன. சிறுபான்மைக் கல்லூரியில் நம் பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கும் இடங்கள் நிர்வாகத்தின் பக்கம் உள்ள மீதி 50 சதவீதத்தில் வருபவை. கட்டணமும் அந்தக் கணக்கில்தான். மகள் சேர்ந்தபோது அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம், கவுன்சிலிங் வழியே வந்தால் வருடத்துக்கு 55,000, நிர்வாக இடத்துக்கு 87,000. நான்கு வருடத்தில் 1,28,000 வித்தியாசம். ஐயர் கடிதத்தை நன்றியோடு வாங்கிப் பைபிளுக்குள் வைத்துவிட்டுக் கவுன்சிலிங்குக்குப் போனோம். அந்த வருடம் கொரோனாவால் எல்லாமே ஆன்லைன்தான். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் ஒரு கல்லூரியில் இ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) கிடைத்தது.

இனி வங்கி. முதல் கிளையில் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். ஒரு வட்டத்துக்கு ஒரு ஆள். மாஸ்க்கோடு ஒன்றரை மணி நேரம் நின்றோம். உள்ளே போனதும், “உங்க ஊர் எங்க சர்வீஸ் ஏரியாவில் இல்லம்மா” என்று மூன்று நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். மகள் வெளியே வந்து பைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு முன்னால் அழக்கூடாதென்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

பிறகுதான் எங்கள் சபையில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன் விவரம் சொன்னார். ஊர் எல்லையைக் காரணம் காட்டிக் கல்விக்கடனை மறுக்கக்கூடாது. மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம். நேரே போய்க் கெஞ்சுவதைவிட முதலில் வித்யாலட்சுமி இணையதளத்தில் பதிவு செய்வது நல்லது என்றார். 2015-இல் மத்திய அரசு கொண்டுவந்த தளம் அது. அப்போது ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகளுக்கு அனுப்ப முடிந்தது, எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அதில் தெரிந்தது. விண்ணப்ப எண் கையில் இருந்தால் ‘நாங்கள் வாங்கவே இல்லை’ என்று யாரும் சொல்ல முடியாது. மகள் ஒரு ராத்திரியில் பூர்த்தி செய்துவிட்டாள். அதற்கு மேலும் இழுத்தடித்தால் மாவட்டத்தின் முன்னோடி வங்கி மேலாளரிடம் போகச் சொன்னார், எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

அதே வங்கியின் இன்னொரு கிளையிலிருந்து பத்து நாளில் போன் வந்தது. அங்கே மேலாளர் ஒரு பெண். பைலை அவர் பார்த்த விதத்தை இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொரு தாளையும் புரட்டி, குறையை மட்டும் பென்சிலால் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டே போனார். கடைசியில் அந்தத் துண்டில் மூன்றே வரி. ஒன்று, கல்லூரியின் கட்டணக் கடிதம் ஒரு வருடத்துக்கு மட்டும் இருந்தது, நான்கு வருடத்துக்கும் வருடவாரியாக வேண்டும். இரண்டு, கணவரின் பழைய பைக் கடன் முடிந்ததற்கான சான்று. அது சிபில் என்கிற கடன் வரலாற்றுப் பதிவில் இன்னும் பாக்கி என்று நின்றது, இணைக் கடனாளி அவர்தான். மூன்று, பெயர்.

இந்தப் பெயர் விஷயத்தை நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். ஞானஸ்நானத்தில் இரட்டைப் பெயர் வைக்கிறோம், பள்ளியில் அதில் பாதியைக் கொடுக்கிறோம், ஆதாரில் இனிஷியலை விரித்து எழுதுகிறார்கள். என் மகளுக்கு மூன்று தாளில் மூன்று பெயர். மார்க்‌ஷீட்டில் உள்ளபடி ஆதாரைத் திருத்த இருபது நாள் ஆகிவிட்டது. பிள்ளை ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போதே இதைச் சரி செய்துவிடுங்கள், பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பணம்.

கடன் 2,90,000. நான்கு வருடக் கல்விக் கட்டணம் 2,20,000, லேப்டாப்புக்கு 38,000, தேர்வுக் கட்டணம் புத்தகத்துக்கு வருடம் 8,000. பஸ் கட்டணத்தை ஒத்துக்கொள்ளவில்லை. அதை என் தையல் மிஷின்தான் கட்டியது. 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கிடையாது, நம் கையிலிருந்து ஒரு பங்கு போடவேண்டும் என்பதும் கிடையாது. அடுத்தவர் ஜாமீனும் கேட்கவில்லை. மாணவி என்பதால் வட்டியில் அரை சதவீதம் குறைத்தார்கள். பணம் நம் கைக்கு வராது, கல்லூரிக் கணக்குக்கு நேரே போய்விடும். இதுவரை எல்லாம் நிறைவு. இதற்காகவே மூன்று மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம்.

குறை எங்கே என்று சொல்கிறேன். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரியோ பாடப்பிரிவோ முறைப்படி அங்கீகாரம் பெற்றிருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஒரு வருடத்துக்கும் உள்ள வட்டியை மத்திய அரசு கட்டுகிறது. எங்களுக்குத் தகுதி இருந்தது. ஆனால் அந்தப் பணம் தானாக வருவதில்லை. கிளையிலிருந்து வருடாவருடம் மாணவரின் பெயரைக் கோரிக்கைப் பட்டியலில் ஏற்றினால்தான் வரும். முதல் இரண்டு வருடம் அந்த மேலாளர் இருந்தார், வந்தது. கணக்கில் வட்டி ஏறும், சில மாதம் கழித்து அதே தொகை மானியமாக வரவாகும். அவர் மாறுதலாகிப் போனார். நாங்களும் எல்லாம் நடக்கிறது என்று இருந்துவிட்டோம்.

2023 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மகள் பாஸ்புக்கை அச்சடித்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் ஸ்கேலை வைத்து வரிவரியாகப் பார்த்தாள். “அம்மா, போன வருஷ வட்டி திரும்பி வரவே இல்லை” என்றாள். 2022-23-க்கான வட்டி, 21,000 ரூபாய்க்குச் சற்று மேல். கிளைக்குப் போனால் புதிதாக வந்தவர் அந்த வருடம் எங்கள் பெயர் ஏற்றப்படவில்லை என்றார். ஏன் என்று கேட்டேன். கோரிக்கை ஏற்றும் காலம் முடிந்துவிட்டது என்ற பதில்தான் வந்தது. எழுத்தில் மனு கொடுத்தேன், மண்டல அலுவலகத்துக்கும் அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து அதே பதில் ஒரு வரியில் தபாலில் வந்தது. அந்த 21,000 அசலோடு சேர்ந்துவிட்டது. ஒரு ஜாக்கெட்டுக்கு 120 ரூபாய் கூலி வாங்குகிறேன். 175 ஜாக்கெட் தைத்தால் வரும் பணம் அது. ஒருவர் கணினியில் ஒரு பெயரை ஏற்றாததால் போய்விட்டது. அடுத்த வருடத்திலிருந்து ஒவ்வொரு முறையும் வருமானச் சான்றிதழ் நகலோடு நேரில் போய், பெயர் ஏறியதற்கு ஒரு கையெழுத்து வாங்காமல் திரும்பவில்லை. நீங்கள் முதல் வருடமே அப்படிச் செய்யுங்கள்.

வட்டி விகிதமும் நிலையானதல்ல. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி, 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் 4-லிருந்து 6.5 சதவீதமாக ஏறியது. எங்கள் கடனுக்கும் அதே அளவு ஏறிற்று. 2025-இல் குறையத் தொடங்கிய பிறகு இப்போது 9.75-இல் நிற்கிறது. தவணையை நிர்ணயிக்கும்போது எத்தனை வருடம் வேண்டும் என்று கேட்டார்கள். 15 வருடம் வரை நீட்டலாம். மகள் இரண்டு கணக்கையும் போட்டுக் காட்டினாள். கடனும் அந்த 21,000-மும் சேர்ந்த 3,11,000-க்கு 15 வருடம் என்றால் மாதம் 3,300-க்குள், மொத்தம் கட்டுவது ஏறக்குறைய 5,93,000. 7 வருடம் என்றால் மாதம் 5,120, மொத்தம் 4,30,000. அதிகாரி 15-ஐத்தான் சுலபம் என்று சொன்னார். நாங்கள் 7 எடுத்தோம். மாமாவும் அந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு, “சீக்கிரம் அடிமைத்தனத்தை முடிங்க” என்றார். அவருடைய வசனத்துக்கு நான் அன்றைக்கு மறுப்புச் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

இப்போது நான் தாமதமாகத் தெரிந்துகொண்டவை. டாம்கோ என்று ஒன்று இருக்கிறது, தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம். கிறிஸ்தவர், முஸ்லிம், சீக்கியர், பௌத்தர், பார்சி, ஜைனர் குடும்பங்களுக்குக் கல்விக்கடன் தருகிறது. வருமானம் மிகக் குறைந்த குடும்பங்களுக்கு 3 சதவீத வட்டி. அதற்கு மேல் ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு மாணவனுக்கு 8, மாணவிக்கு 5 சதவீதம். மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்திலும் கூட்டுறவு வங்கிகளிலும் விண்ணப்பம் கிடைக்கும். மதத்துக்கான சான்று, வருமானச் சான்று, போனாஃபைடு (கல்லூரியில் படிப்பதற்கான சான்று), கட்டண ரசீது கேட்கிறார்கள். எனக்கு இது மகள் இரண்டாம் வருடம் படிக்கும்போது செய்தித்தாள் அறிவிப்பில்தான் தெரிந்தது. அதற்குள் வங்கிக் கடன் ஓடத் தொடங்கிவிட்டது. பெண் பிள்ளைக்கு 5 சதவீதம் என்பதை 2020-லேயே யாராவது சபையில் அறிவித்திருந்தால் நான் அங்கேதான் முதலில் போயிருப்பேன். ஞாயிறு அறிவிப்பில் அசனப் பண்டிகை (சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து) வரிக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குகிறோம். இதற்கு ஒரு நிமிடம் ஒதுக்கலாம். ஐயரிடம் கேட்டுக்கொண்டேன், போன வருடத்திலிருந்து ஜூன் மாதம் வாசிக்கிறார்கள்.

இன்னொன்று. எங்கள் சபையில் ஆதிதிராவிடக் குடும்பங்கள் உண்டு. மதம் மாறியதால் சான்றிதழ் பி.சி. ஆகிவிட்டது, உதவித்தொகை ஒன்றும் கிடைக்காது என்று நினைத்து, அவர்களில் ஒரு அக்கா மகனை இரண்டு வருடம் கடனில் படிக்க வைத்தார். மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கும் தமிழ்நாட்டில் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகை உண்டு. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த அக்காவுக்கு இதைச் சொன்னபோது முதலில் நம்பவில்லை. இரண்டு வருடப் பணம் போனதை நினைத்தால் எனக்கே நெஞ்சு அடைக்கிறது.

உயர்கல்வி படிக்கும் மாணவிகளுக்குத் தமிழ்நாடு அரசு கொடுக்கும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 என் மகளுக்குக் கிடைக்கவில்லை. அவள் படித்தது மிஷன் நடத்தும் அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளி. 2022 செப்டம்பரில் திட்டம் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான். உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 2024 டிசம்பர் 30-இல் தூத்துக்குடியில் விரிவாக்கினார்கள். அதற்குள் அவள் படிப்பே முடிந்துவிட்டது. அதே பள்ளியில் இப்போது படிக்கிற பிள்ளைகளுக்குக் கிடைக்கும் என்பதில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி.

சபையின் கல்வி நிதியிலிருந்து முதல் வருடம் 5,000 கொடுத்தார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாங்கள் உலை வைக்கும்போதெல்லாம் எடுத்து வைக்கிற கைப்பிடி அரிசியை விற்ற பணமும் அதில் சேர்ந்தது. லேப்டாப் வரும் வரை முதல் மாத ஆன்லைன் வகுப்புக்குப் போன் வாங்க அது உதவியது.

சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்தை (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) பற்றிச் சில சகோதரிகள் என்னிடம் கேட்டார்கள், தவணை இருக்கும்போது எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று. என் மகள் முதல் சம்பளத்தை முழுசாகக் காணிக்கைக் கவரில் வைத்தாள், 22,000. அது அவள் தீர்மானம், நான் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு மாதாமாதம் தசமபாகம் முதலில், 5-ஆம் தேதி தவணை அடுத்தது, பிறகு அவள் விடுதிச் செலவு. இப்படித்தான் ஓடுகிறது. சில மாதம் தவணையில் குறைந்தால் நான் போட்டுவிடுகிறேன். ஒரு தவணைகூடத் தவறவில்லை.

இந்த வருடம் விண்ணப்பிக்கிறவர்களுக்கு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் கிடைத்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்தரக் கல்லூரிகளில் தகுதி அடிப்படையில் சேருகிறவர்களுக்குச் சொத்தும் ஜாமீனும் இல்லாமல் கடன் தருகிறார்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரை உள்ள கடனுக்கு, படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே பாருங்கள். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்து கேட்டால் வழி குறுகிவிடும்.

எதிர்வீட்டுப் பிள்ளை இந்த முறை நர்சிங் சேருகிறாள். அவள் அம்மா நாளைக் காலை வருகிறார். டிசி, வருமானச் சான்று, ஆதார் மூன்றையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். முதலில் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால் பத்து மணி பஸ்ஸில் கலெக்டர் ஆபீசுக்குப் போய் டாம்கோ விண்ணப்பத்தை வாங்கிவிடுவோம்.